புதுப் பிஸ்டல் இறுக்கமாகக் கிடக்கு, வெடியும் கீழே இடப்பக்கம் போகுது: பேர்ன் மருமகனுக்கு ஒரு பதில்

தங்கச்சியின் மகன் பேர்னில் இருந்து போன கிழமை கேட்டது இது:

"மாமா, 9 மி.மீ. கொம்பாக்ட் பிஸ்டல் ஒண்டு புதுசா வாங்கினனான். இன்னும் இருநூறு வெடிகூட வைக்கேல்லை. ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுக்கக் கை நோகுது. மகசினை விடுற பொத்தான் கல்லு மாதிரி. பின்னுக்கு நிக்கிற ஸ்லைட்டை முன்னுக்கு விடுற நெம்பைப் பெருவிரலால அமத்தினா அசையுதே இல்லை. 25 மீற்றரில ரவை எல்லாம் பத்து சென்ரிமீற்றர் கீழ, ஆறு சென்ரிமீற்றர் இடப்பக்கம் போய் விழுகுது. கிளப்பில ஒருத்தர் பின்குறியைத் தட்டி வலப்பக்கம் நகர்த்தச் சொல்லுறார். இன்னொருத்தர் கடையில திருப்பிக் குடு எண்டுறார். என்ன செய்ய?"

தொலைபேசியில் சொல்லத் தொடங்கினேன். முத்தையன்கட்டுப் பக்கத்து சிக்னல் மூன்று தரம் அறுத்துவிட்டது. எழுதிவிடுவதுதான் சுகம். இதே தலையிடியோடு அங்கே வேறு பிள்ளைகளும் இருக்கக்கூடும், அவர்களும் வாசிக்கட்டும்.

தம்பி, அந்த ரெண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்குச் செய்யாதே. குறியில், அதாவது பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் நிற்கிற குறிபார்க்கும் துண்டுகளில், கை வைக்காதே, கடைக்கும் தூக்கிக்கொண்டு ஓடாதே. ஸ்லைட் (குழாயின் மேல் முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பகுதி), மகசினை (கைப்பிடிக்குள் ஏற்றுகிற ரவைக் கூட்டை) விடுகிற பொத்தான், நெம்பு மூன்றும் இறுகிக் கிடப்பது அது புதுசு என்பதாலும் சின்னது என்பதாலும்தான். அந்தப் பத்து சென்ரிமீற்றர் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு பலத்த சந்தேகம் இருக்கிறது. நீ சொன்ன அளவு அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் அந்தச் சந்தேகமே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டுசுட்டானில் தென்னைக்குத் தண்ணி இறைக்கிற கிழவனுக்குப் பிஸ்டலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். சுவிஸில் 27 வருசம் கடைசல் மெஷினில் நின்றவன் நான், அதில் கடைசிப் பத்து வருசம் ஸ்பிரிங் பகுதியில். பிரஜாவுரிமை கிடைத்த பிறகு ஊர் கிளப்பில் 25 மீற்றர் பிஸ்டல் சுட்டேன். கிடைத்த பிறகு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுவிஸ் சட்டம் எட்டு நாட்டுக் குடிமக்களுக்கு, சிறப்பு அனுமதி இல்லாமல், துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ தடை போட்டிருக்கிறது. அந்த எட்டில் இலங்கையும் ஒன்று. சிவப்புப் பாஸ்போட் வரும்வரை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன். ஊருக்குத் திரும்பி வரும்போது என் பழைய 49 ஐ, அதாவது 1949 இல் சுவிஸ் இராணுவம் எடுத்த அந்த இரும்புப் பிஸ்டலை, கிளப் கூட்டாளிக்கே முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இங்கே எனக்குத் துவக்கு இல்லை. வேண்டவும் வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன் மகசினைக் கழற்று. ஸ்லைட்டைப் பின்னுக்கு நிறுத்தி, குழாயின் பின்முனையில் ரவை ஏறி நிற்கிற அறைக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் பார். ரவைப் பெட்டி வீட்டின் வேறொரு அறையில் இருக்க வேண்டும். வீட்டில் செய்யச் சொல்லி நான் கீழே எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் இது முன்வேலை. சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

இனி ஸ்லைட். பெரிய பிஸ்டலில் ஸ்லைட்டுக்குப் பாரம் உண்டு, பின்னுக்கு ஓட இடமும் உண்டு. கொம்பாக்டில் ரெண்டையும் வெட்டிவிட்டார்கள், ஆனால் சுடுகிற ரவை அதே 9 மி.மீ. தான். அந்த உதையைக் குறுகின தூரத்துக்குள் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் ஸ்பிரிங் பலமாக இருந்தே ஆகவேண்டும். அதனால் அந்த இறுக்கத்தில் ஒரு பங்கு எந்தக் காலத்திலும் போகாது. மற்றப் பங்கு போகும். புது ஸ்பிரிங் முதல் சில நூறு ஓட்டத்தில் ஒரு சொட்டு நீளம் குறைந்து, பிறகு வருசக்கணக்கில் அப்படியே நிற்கும். புது லான்ட்மாஸ்டர் உழவு மெஷினை வாங்கின அன்றைக்கே சேற்றில் முழுப் பாரத்தோடு இறக்காமல் கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிப் பழக்குவோமே, அந்தப் பழக்கம் இதற்கும் வேண்டும்.

பெட்டியில் வந்த எண்ணெயைத் துடைத்தாயா? பல கம்பனிகள் பூசி அனுப்புவது துருப்பிடிக்காமல் இருக்கத்தான், வழுக்குவதற்கு இல்லை. குளிரில் அது பிசின்போலப் பிடிக்கும். கையேட்டில் சொன்னபடி கழற்றித் துடைத்து, தண்டவாளம் நாலிலும் ஒவ்வொரு துளி, குழாயின் வெளிப்பக்கத்தில் ஸ்லைட் உரசுகிற இடத்தில் ஒரு துளி, அவ்வளவே. ஒன்று கவனி: க்ளொக் போன்ற சிலவற்றில் ஸ்லைட்டுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை இருக்கும். அதைத் துடைக்கவேண்டாம் என்று கம்பனியே சொல்கிறது. உன் பிஸ்டலுக்கு என்ன என்று கையேட்டைப் பார். சைக்கிள் சங்கிலிக்கு அடிக்கிற ஸ்பிரேயைப் பிஸ்டலுக்கு அடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

அடுத்தது இழுக்கிற விதம். நீ அனுப்பின காணொளியில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஸ்லைட்டின் வாலை நுள்ளி இழுக்கிறாய். ரெண்டு விரலுக்கு என்ன பலம் இருக்கிறது? இடக்கையை ஸ்லைட்டின் பின்பகுதிக்கு மேலால் கவிழ்த்துப் போடு, நாலு விரலும் ஒரு பக்கம், உள்ளங்கை மறுபக்கம். பிஸ்டலை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவா, பிஸ்டலின் வாய் எப்போதும் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். பிறகு இடக்கையை அப்படியே வைத்துக்கொண்டு வலக்கையால் பிஸ்டலை முன்னுக்குத் தள்ளு. இழுப்பதைவிடத் தள்ளுவதற்கு உடம்பில் பலம் கூட. கிளப்பில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் இப்படித்தான் என் 49 ஐக் கொக் பண்ணுவார். வெளியே சுத்தியல் உள்ள பிஸ்டல் என்றால், முதலில் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்குச் சாய்த்துவிட்டு இழு. சுத்தியல் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கழிந்துவிடும், பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் இனி ஆலோசனை கேட்காதே. வெட்டின ஸ்பிரிங் உதையைப் பிடிக்காது. ஸ்லைட் சட்டத்தில் போய் மோதும், ஒவ்வொரு வெடிக்கும் மோதும். நான் ஸ்பிரிங் செய்து சம்பளம் வாங்கினவன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் கூடத்தான் வரும்.

அசைய மாட்டேன் என்கிற அந்த நெம்புக்கு வருவோம். உன் நாலு முறைப்பாட்டிலும் நான் சிரித்தது இதற்குத்தான், ஏனென்றால் நானும் இதே கேள்வியை ஒரு காலத்தில் கேட்டேன். நீ வீட்டில் வெறும் மகசினைப் போட்டு, ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்து, அது அங்கே நின்றதும் நெம்பை அமத்துகிறாய். வெறும் மகசினுக்குள் என்ன நடக்கிறது என்று பார். ரவை முடிந்ததும் உள்தட்டு மேலே வந்து, மகசின் ஸ்பிரிங்கின் முழுப் பலத்தோடு அந்த நெம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்லைட்டை அங்கே நிறுத்தினதே அதுதான். நீ மேலே இருந்து அமத்துகிறாய், மகசின் கீழே இருந்து தூக்குகிறது, போதாததற்கு ஸ்லைட்டும் தன் ஸ்பிரிங்கின் பலத்தோடு நெம்பின் பல்லை முன்னுக்கு நெருக்குகிறது. இதில் உன் பெருவிரல் தோற்பது பிழை இல்லை, அப்படித் தோற்கவேண்டும் என்றுதான் அதை அமைத்திருக்கிறார்கள். பல சின்னப் பிஸ்டல்களில் அந்த நெம்பு ஸ்லைட்டை நிறுத்துவதற்கு மட்டும், விடுவதற்கு அதைப் பாவிக்கவேண்டும் என்று செய்தவனே நினைக்கவில்லை.

மகசினைக் கழற்றிவிட்டு, ஸ்லைட்டைக் கையால் நாலைந்து மில்லிமீற்றர் பின்னுக்கு இழுத்துப் பார். நெம்பு தானாகக் கீழே விழும். விழுந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. சுடுமிடத்தில் ரவை போட்ட மகசினை ஏற்றும்போதும் இதேபோல, கையால் முழுக்கப் பின்னுக்கு இழுத்து விட்டுவிடு. ஸ்லைட்டைக் கையோடு கூட்டிக்கொண்டு போகாதே, ஸ்பிரிங் தன் பலத்தில் அடித்து மூடட்டும், இல்லாவிட்டால் ரவை அரைவாசியில் நிற்கும். ஆனால் ரவை இல்லாத வெறும் அறையில் அப்படி அடிக்க விடாதே. அங்கே கையோடு கூட்டிப்போய் மூடு. இந்த வித்தியாசத்தை என் கிளப் பயிற்சிக்காரர் என் முழங்கையில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தார்.

மகசின் பொத்தானை மூன்று தரம் சோதி. வெறும் மகசின், ஸ்லைட் திறந்து: அமத்து. வெறும் மகசின், ஸ்லைட் மூடி: அமத்து. மூன்றாவதைச் சுடுமிடத்தில் மட்டும் செய்: மகசின் முழுக்க நிரப்பி, ஸ்லைட் மூடி, அமத்து. முதல் ரெண்டிலும் சுகமாக விழுந்து மூன்றாவதில் மட்டும் கல்லாக நின்றால் பொத்தானைக் குறை சொல்லாதே. மேல் ரவை ஸ்லைட்டின் அடிவயிற்றை முட்டிக்கொண்டு மகசினை முழுவதுமாகக் கீழே நெருக்குகிறது, அந்த நெருக்கம் எல்லாம் பொத்தானின் கொளுவியில் வந்து விழுகிறது. ஒன்றிரண்டு ரவை குறைத்துப் போடு. 25 மீற்றரில் எப்படியும் ஐந்து ஐந்தாகத்தானே சுடுகிறாய், பதினைந்தை எதற்கு அடைக்கிறாய்? மூன்றிலும் இறுக்கம் என்றால், கைப்பிடியை எவ்வளவு நெரித்துப் பிடிக்கிறாய் என்று பார். பிளாஸ்ரிக் சட்டம் மெல்லியது, சிலவற்றில் கை நெரித்தால் மகசினையே கவ்விக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் புதுக் கொளுவியின் விளிம்பு. நானூறு ஐந்நூறு தரம் போட்டுக் கழற்ற அது தானே மழுங்கும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே வெறும் மகசினோடு செய்யலாம், அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. அவளைப் பற்றி ஒரு விசயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அங்கத்தைய சட்டத்தில் ஒன்றை மறக்காதே: வீட்டில் இருந்து கிளப்புக்குக் கொண்டுபோகும்போது பிஸ்டலும் ரவையும் வேறு வேறாக இருக்கவேண்டும், மகசினுக்குள் ஒரு ரவைகூட இருக்கக் கூடாது. ஸ்பிரிங் இளகட்டும் என்று நிரப்பி வைத்த மகசினை மறந்து பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடாதே.

இப்போது அந்தப் பத்து சென்ரிமீற்றர்.

நீ சுடுவது 25 மீற்றர் துல்லிய இலக்கு. அதன் கறுப்பு வட்டத்தின் விட்டம் 20 சென்ரிமீற்றர். நடுவில் இருந்து கறுப்பின் கீழ் விளிம்பு வரை எவ்வளவு? பத்து. உன் ரவைகள் எவ்வளவு கீழே போகின்றன? பத்து. நீ எங்கே குறி வைக்கிறாய் என்று நான் கேட்காமலே சொல்கிறேன்: முன்குறியின் தலையைக் கறுப்பின் அடியில் முட்ட வைத்து, கறுப்பு ஒரு பந்துபோல அதன் மேல் இருக்கிறமாதிரிப் பிடிக்கிறாய். ஆறு மணிப் பிடி. கிளப்பில் எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள், உனக்கும் அப்படித்தான் காட்டித் தந்திருப்பார்கள். அவர்களுடைய பிஸ்டல்களுக்கு அது சரி, அந்தக் குறிகள் அதற்கென்றே உயர்த்தி வைக்கப்பட்டவை. உன் கொம்பாக்ட் அப்படிப்பட்டதாக இராது. பொலிஸ், இராணுவம், தற்காப்பு என்று செய்கிற பிஸ்டல்களில் பெரும்பாலும், முன்குறியின் தலை எங்கே நிற்கிறதோ அல்லது அதன் வெள்ளைப் பொட்டு எதை மறைக்கிறதோ, அங்கேதான் ரவை போகும். நீ கறுப்பின் காலடியைக் காட்டினாய், அது காலடியில் போட்டது. சொன்னதைச் செய்கிற பிஸ்டலைப் போய்க் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சோதிப்பது லேசு. இலக்குத் தாளை மறுபக்கம் திருப்பி ஒட்டு, வெறும் வெள்ளை. நடுவில் ஒரு ஐந்து பிராங் குத்தி அளவில் கறுப்பாக ஒரு வட்டம். முன்குறியின் தலை அந்த வட்டத்தின் நடுவைத் தொட ஐந்து வெடி. பிறகு வெள்ளைப் பொட்டால் அந்த வட்டத்தை மறைத்து இன்னொரு தாளில் ஐந்து. எது நடுவுக்குக் கிட்ட வருகிறதோ அதுதான் உன் பிஸ்டலின் பிடி. கையேட்டில் அதற்குப் படமும் இருக்கும், ஆனால் தாளைத்தான் நான் நம்புவேன். முன்குறி கண்ணுக்குத் தெளிவாக, இலக்கு மங்கலாகத் தெரியவேண்டும். ரெண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கிற கண் எவருக்கும் இல்லை.

இடப்பக்கம் போகிற ஆறு சென்ரிமீற்றர் வேறு கதை. அது உன் கை.

கணக்கைப் பார். உன் பிஸ்டல் ரவை இல்லாமல் 600 கிராம் அளவு. சுட்டுவிரலால் அதன் விசையை அமத்த இரண்டரைக் கிலோ பாரம் வேண்டும். தன் பாரத்தைப்போல நாலு மடங்கு பலத்தால் தள்ளப்படுகிற ஒரு சாமான் அசையாமல் நிற்கவேண்டும் என்று கேட்கிறாய். சர்வதேச 25 மீற்றர்ப் போட்டிப் பிஸ்டலுக்கு விசைப்பாரம் ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி, அவை பெரும்பாலும் அந்த ஒரு கிலோவிலேயே நிற்கும், பிஸ்டலின் பாரமோ ஒரு கிலோவுக்கும் மேலே. உன் கிளப் ஆட்கள் அப்படிப்பட்டதைப் பிடித்துக்கொண்டு உனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

அதோடு குறிகளின் இடைத்தூரம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உனக்கு ஏறக்குறைய 150 மி.மீ. அதற்குள் முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால் 25 மீற்றரில் ஏறக்குறைய 17 செ.மீ. விலகும். 220 மி.மீ. இடைத்தூரம் உள்ள போட்டிப் பிஸ்டலில் அதே பிழை 11 செ.மீ. தான். உன்னுடைய ஆறு சென்ரிமீற்றருக்கு எவ்வளவு விலகல் வேண்டும்? 0.36 மி.மீ. அச்சுத் தாள் மூன்று நாலின் தடிப்பு. கடைசி நொடியில் கை அவ்வளவு அசைந்தால் போதும்.

வலக்கைக்காரன் எந்தப் பக்கம் அசைப்பான்? கீழே, இடப்பக்கம். விசையைச் சுட்டுவிரல் மட்டும் அமத்தவேண்டும். ஆனால் விசை கடினமாக இருந்தால் மற்ற மூன்று விரலும் துணைக்கு வந்துவிடும், மாட்டில் பால் கறக்கிற மாதிரி முழுக்கையும் ஒன்றாக இறுகும். வாய் குனிந்து இடப்பக்கம் திரும்பும். நீ சின்னனில் ஊருக்கு வந்து நின்றபோது ஆச்சியின் பசுவில் கறந்து பழகினவன்தானே, அந்தக் கையை மறந்துவிடு.

இந்த இடத்தில்தான் உன் இறுக்கமும் உன் குறியும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகின்றன. பொத்தான் எட்டவில்லை என்று ஒவ்வொரு மகசினுக்கும் கையைத் திருப்பிப் பிடிக்கிறாய், திரும்ப வைக்கும்போது பிடி ஒரு நூல் மாறுகிறது. ஸ்லைட்டை இழுத்து இழுத்து விரல் களைத்துப்போகிறது, களைத்த கையால் நெரிக்கிறாய். அசையாத நெம்பிலேயே பெருவிரலை வைத்துப் பழகிவிட்டாய், சுடும்போதும் அது அங்கேயே கிடக்கிறது. கடைசி ரவைக்குப் பிறகு ஸ்லைட் பின்னுக்கு நிற்காமல் மூடிக்கொள்கிறதா? மூடினால் அந்தப் பெருவிரல்தான் காரணம். வலப் பெருவிரலை இடப் பெருவிரலின் மேல் போட்டு நெம்பை விட்டு விலத்து. பிடியை ஒருமுறை சரியாக வை, ஐந்து வெடியும் முடியும்வரை அதை மாற்றாதே. பலத்தில் அறுபது பங்கு இடக்கை கொடுக்கட்டும், அப்போது வலக்கையின் சுட்டுவிரலுக்குத் தனியே ஓட இடம் கிடைக்கும்.

நெரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இரவில் யானை காணிக்குள் இறங்கினால் யானைவெடி கொளுத்துவோம். பக்கத்துக் காணிக்காரர் திரியில் நெருப்பு வைக்கும்போது அவருடைய தோளைப் பார்த்திருக்கிறேன். வெடிப்பதற்கு முன்னமே தோள் காதுவரை ஏறி, கண் மூடி, கழுத்து உள்ளே போய்விடும். வெடித்த பிறகு ஒன்றும் இல்லை, ஆறுதலாக வெற்றிலை போடுவார். சத்தத்தை எதிர்பார்த்து உடம்பு முந்திக்கொள்கிறது. கொம்பாக்ட் சின்னது என்பதால் உதையும் கூட, சத்தமும் கூட. உன் உடம்பும் வெடிக்கு முன்னமே ஒரு தள்ளுத் தள்ளுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கிளப்பில் ஒருவரிடம் மகசினைக் கொடு. உண்மை ரவைகளுக்கு இடையில் ஒன்றிரண்டு பொய்த் தோட்டாவை உனக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல். பொய்த் தோட்டா வரும்போது சத்தம் இல்லை, உதை இல்லை, ஆனால் வாய் கீழே குனியும். நீயே பார்த்து வெட்கப்படுவாய். நான் வெட்கப்பட்டேன். மருந்து, வீட்டில் வெறும் பிஸ்டலோடு பத்து நிமிடம். சுட்டு முடிந்த ரவையின் வெற்றுக் கோது ஒன்றை முன்குறிக்குப் பின்னால் ஸ்லைட்டின் மேல் நிற்கவைத்து, அது விழாமல் விசையை அமத்திப் பழகு. வெறும் அமத்தல் உன் பிஸ்டலுக்குக் கூடுமா என்று கையேட்டைப் பார், இந்தக் காலத்து 9 மி.மீ. பெரும்பாலும் தாங்கும். வாயை எங்கே திருப்பிப் பிடிக்கிறாய் என்பதும் முக்கியம்: ரவை துளைக்காத சுவர், பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்து ஒருபோதும் இல்லை.

அம்மா விசயம் இதுதான். உன் அம்மா 96 இல் கிளிநொச்சியில் இருந்து அக்கராயன், பிறகு மல்லாவி என்று ஓடினவள். ஸ்லைட் மூடுகிற அந்தக் "கிளக்" சத்தம் உனக்கு ஒரு ஸ்பிரிங் சத்தம். அவளுக்கு அப்படி இருக்காது. பத்து நிமிடப் பயிற்சியை அவள் வேலைக்குப் போன நேரம் வை, அல்லது பிஸ்டலைக் கிளப் பெட்டகத்திலேயே வைக்க முடியுமா என்று கேள். வாங்கினதை அவளுக்குச் சொன்னாயா என்று நீ எழுதவில்லை. சொல்லு. என்னிடம் கேட்டால் நான் மறைக்கமாட்டேன்.

விசையை லேசாக்கித் தருகிறேன் என்று கிளப்பில் யாராவது வருவார்கள், நிச்சயம் வருவார்கள். வேண்டாம். எங்கள் காட்டில் பன்றிக்கு என்று கட்டுத்துவக்கு வைப்பார்கள், சட்டத்துக்கு மாறாக. அந்தத் துவக்கின் விசை ஒரு கயிறு, கால் தட்டினால் போதும். விறகுக்கும் தேனுக்கும் போனவர்களின் காலைத்தான் அது பெரும்பாலும் எடுக்கும். இரண்டரைக் கிலோ உனக்குக் கரைச்சலாக இருக்கலாம். அந்தக் கரைச்சலோடு பழகு.

கையையும் பிஸ்டலையும் பிரித்துப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கு. 15 மீற்றருக்கு வா. மேசையில் அரிசிப் பை ஒன்றை வை, தமிழ்க் கடையில் வாங்குகிற ஐந்து கிலோப் பை திறமான தாங்கி. மணிக்கட்டையும் சட்டத்தின் அடியையும் அதில் சாய், குழாய் எதிலும் படக்கூடாது. ஐந்து ஐந்தாக மூன்று தாள், அவசரமில்லாமல். பிறகு கிளப்பில் நன்றாகச் சுடுகிற ஒருவர் அதே பையில் வைத்து உன் பிஸ்டலால் இன்னும் மூன்று தாள். உன் ஓட்டைகள் இடப்பக்கம், அவருடையவை நடுவில் என்றால் கதை முடிந்தது, கறக்கிற கையைத் திருத்து. ரெண்டு பேருடையதும் நெருக்கமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் இடப்பக்கம் என்றால் அப்போதுதான் குறி. ரெண்டு பேருடையதும் வானத்து வெள்ளிபோலச் சிதறினால் ரவையை மாற்றிப் பார். இந்த ரகப் பிஸ்டல் 25 மீற்றரில் தாங்கி வைத்து ஐந்து வெடியை ஒரு எட்டு சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் போட்டால் நான் குறை சொல்லமாட்டேன். என் 49 இதைவிடத் திறம், ஆனால் அது வேறு சாதி.

ரவை மாற்றுவது என்றால் சன்னத்தின், அதாவது ரவையில் இருந்து பறந்து போகிற துண்டின், பாரத்தை மாற்று. 9 மி.மீ. க்கு வழக்கமாக 7.45, 8, 9.5 கிராம் என்று மூன்று கிடைக்கும். பாரமானது மெதுவாக ஓடும். அது குழாயை விட்டு வெளியேறுவதற்குள் பிஸ்டலின் வாய் உதையில் கொஞ்சம் மேலே எழும்பிவிடும், அதனால் 25 மீற்றரில் சற்று மேலே குத்தும். நாலைந்து சென்ரிமீற்றர்க் குறையை ஒரு பெட்டி ரவையே தீர்த்துவிடக்கூடும்.

கடைசியில் குறியைத்தான் தொடவேண்டும் என்று வந்தால், துப்பாக்கித் திருத்துகிறவரிடம் போ, சுத்தியலோடு உட்காராதே. ரவை எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்துவார், முன்குறி அதற்கு எதிர்மாறு. அளவு இப்படி வரும்: இலக்கில் உள்ள பிழையைக் குறி இடைத்தூரத்தால் பெருக்கி, சுடுகிற தூரத்தால் பிரி, எல்லாம் மில்லிமீற்றரில். 60 ஐ 150 ஆல் பெருக்கி 25,000 ஆல் பிரித்தால் முன்னே சொன்ன அந்த 0.36. கிளப் ஆள் சொன்னமாதிரி "ஒரு தட்டு" தட்டினால் அது ஒரு மில்லிமீற்றர் போய்விடும், அடுத்த கிழமை வலப்பக்கம் பதினொரு சென்ரிமீற்றர் போகுது என்று எனக்கு எழுதுவாய்.

உடனே கொண்டுபோகவேண்டிய குறைகளும் இருக்கின்றன, அவற்றைப் பழகட்டும் என்று விடாதே. ஸ்லைட் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் கொளுவி நின்று, அங்கே உலோகத்தில் கீறல் தெரிகிறது. நல்ல ரவையிலும் ஸ்லைட் முழுதாக மூடாமல் ரெண்டு மூன்று மில்லிமீற்றர் பின்னுக்கு நிற்கிறது. மகசின் தானாக விழுகிறது. விசை திரும்பி வரவில்லை. பின்குறி கண்ணுக்கே ஒரு பக்கமாகத் தெரிகிறது. தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கிறது, அதாவது சன்னம் புரண்டு புரண்டு போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வெடி வழக்கத்தைவிட மெதுவாக "புஸ்" என்று கேட்டால் அடுத்த வெடியை வைக்காதே. சன்னம் குழாய்க்குள் நிற்கக்கூடும். வாயை இலக்குப் பக்கம் வைத்தபடி சுடுமிடப் பொறுப்பாளரைக் கூப்பிடு.

சனிக்கிழமை கிளப்புக்குப் போவாய் என்று நினைக்கிறேன். முதலில் வெள்ளைத் தாளின் பத்து வெடி, பிறகு நேரம் இருந்தால் அரிசிப் பை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் தூரம், ரவையின் பாரம், எங்கே குறி வைத்தாய், யார் சுட்டது என்று பேனையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. இரவு எட்டு மணிக்குப் பிறகு இங்கே சிக்னல் கொஞ்சம் பரவாயில்லை.